இரண்டு கை, இரண்டு அளவு

சால்தோவில் ஒதீலியாவுக்குச் சட்டை தைக்கிறவள் நான்.
பத்து வயதில் இரண்டு கையும் ஒரே சுற்றளவு.
பதினாறில் வலது கை அரை அங்குலம் கூடியிருந்தது.
"டேப்பைச் சரியாகப் பிடி" என்றாள்.
சரியாகத்தான் பிடித்திருந்தேன்.

கடல் தாண்டிப் போய் அவள் கோப்பை தூக்கிய சனிக்கிழமை
எதிர்க்கடை வானொலியில் ஒவ்வொரு புள்ளிக்கும்
இறைச்சிக்காரர் எவாரிஸ்தோவின் கத்தி
அந்தரத்தில் நின்று நின்று இறங்கியது.
நான் ஒரே தையலை மூன்று முறை பிரித்தேன்.

அடுத்த மாதம் வந்தாள். ஒன்றரை அங்குலம்.
காலுறையை உதறியதில்
ஆடுகளத்துச் செங்கல் பொடி
என் தரையில் கொட்டியது.
இரண்டு நாள் கூட்டாமல் விட்டேன்.

பிறகு தோளில் கத்தி வைத்தார்கள்.
பிறகு முதல் சுற்றிலேயே தோற்றாள்,
பெயர் வாயில் நுழையாத சிறுமிகளிடம்.
அளவு நோட்டில் அதெல்லாம் இல்லை.
கால் அங்குலம் குறைவு,
அவ்வளவுதான்.

நேற்று ஆற்றோரச் சதுக்கத்தில் சிலை திறந்தார்கள்.
மேயர் பேசினார், பேசினார்.
வெண்கலத்தில்
இரண்டு கையும் ஒரே பருமன்.

கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து
வலது கையை லேசாகத் தூக்கிக் காட்டினாள்.
பல்லிடுக்கில் குண்டூசி வைத்தே பழகிய நான்
வாய் திறக்காமல் சிரித்தேன்.