தானே

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
என் தட்டச்சு மேசை.
இந்த வாரம் மட்டும் ஏழு விவாகரத்து,
சேர்ந்து வாழக் கேட்டு இரண்டு மனு.
புருஷன் பெயரில் ஒற்று விட்டுப்போனால்
பெண்கள் திருத்தச் சொல்வதில்லை,
போகட்டும் என்கிறார்கள்.

தீர்ப்பு வந்த அக்டோபரில்
வக்கீல் தனகோட்டி
முன்னூற்றுச் சொச்சம் பக்கத்தைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
கல்யாணம் அடிப்படை உரிமை இல்லையாம்,
அதில் ஐந்து பேரும் ஒன்று.
மிச்சத்தில் மூன்றுக்கு இரண்டு என்றார்.
எங்கள் வீட்டு ஜன்னலும் அதே அளவுதான் சார்
என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு
கார்பன் தாளைச் சீராக்கினேன்.

அந்த வருஷம் மாசியில்தான்
அஞ்சலாட்சிக்குப் பித்தப்பையில் கல்.
ஒப்புதல் படிவத்தை நீட்டிய நர்ஸ்
நீங்க யாரு என்றாள்.
தோழி.
தோழிதானே?
ரத்த சொந்தம் யாரையாவது வரச்சொல்லுங்க.

ஒன்பது வருஷமாய்ப் பேசாத அண்ணன்
குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்தார்.
கையெழுத்துப் போட்டார்,
அதன் கீழே ஒரு கோடு இழுத்தார்,
டீ குடித்தார்,
அவளைப் பார்க்காமலே போனார்.
எந்த மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று
அவரை யாரும் கேட்கவில்லை.
என்னையும்.

தோழிதானே.
அந்தத் தானேயை எங்கள் ஊரில்
அவ்வளவு லேசாகச் சொல்லக் கூடாது.

டிசம்பர் முப்பது, விடியாத விடிகாலை,
முதுநகரில் ஓடுகள் சீட்டுக்கட்டாய்ப் பறக்க
தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்ட கதவுக்கு
இரண்டு பேரும் முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தோம்.
அதுவரை அவள்
பக்கத்து போர்ஷனில் குடியிருக்கும்
ஐஸ் கம்பெனி கணக்குப்பிள்ளை,
தண்ணீர் மோட்டார் சண்டையில் எனக்கு எதிர்க்கட்சி.
காற்று நின்று வெளியே வந்தால்
தெருவில் ஒரு முருங்கை மிச்சமில்லை.
கையை விடு, பல் விளக்கணும் என்றாள்.
பிடித்திருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

இப்போது சென்னையில் ஒரு தீர்ப்பு.
குடும்பமாவதற்குக் கல்யாணம் ஒன்றுதான் வழி
என்றில்லையாம்.
கல்யாணம்னு எழுதாதே, குடும்பம்னு எழுதலாம்,
உனக்காகத்தாம்மா சொல்றேன்
என்றார் தனகோட்டி சார், செருப்பைப் பார்த்தபடி.
எத்தனை நாளாய்த் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
இருபது ரூபாய் முத்திரைத்தாள் அவர் காசு.

மேற்படி நாங்கள் இருவரும் என்பதுவரை
விரல் தடுமாறவில்லை.
எந்தத் தேதி முதல் என்ற இடத்தில் நின்று
அஞ்சலாட்சிக்குப் போன் போட்டேன்.
ஐஸ் உடைக்கும் இரைச்சலுக்குள்ளிருந்து கத்தினாள்:
தானே அடிச்ச அன்னிக்குத்தான்,
வேற என்னிக்கு?

அடித்தேன்.

உறவுமுறை என்பதற்கு எதிரே
தாள் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.
இளநீர்க்காரர் வண்டிக்குச் சாக்குப் போர்த்துகிறார்.
நோட்டரி ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார்.
மணி ஐந்து இருபது.