இரவல் வாய்

ஷார்ஜா புத்தகக் கண்காட்சி, ஏழாம் கூடம்.
வெளியே நவம்பர் வெக்கை,
உள்ளே சால்வை கேட்கிற குளிர்.
எனக்கு முன்னால் முப்பது பேர்.
எல்லார் கையிலும் அவள் எழுதிய நாலாவது புத்தகம்,
அட்டையில் அவள் முகம்,
நரையை மறைக்காமல்.

தாரிகா.
வீட்டில் வைத்த பெயர் அமலோற்பவம்.
போஸ்டரில் இடம் போதாதென்று
தயாரிப்பாளர் வெட்டியது.
பதினெட்டில் காதலி.
இருபத்தொன்பதில்
தன்னைவிட இரண்டு வயது மூத்தவனுக்குத் தாய்.
நடுவில் இன்ஸ்பெக்டர், பேய்,
மீன்கூடையால் வில்லனை மொத்துகிறவள், ஊமை.
அந்த ஊமைப் படத்தில்தான் எனக்கு வேலை இல்லை.
அதற்குத்தான் விருது.

மற்ற பதினோரு படத்திலும் நான்.
வடபழனியில் ஓர் இருட்டறை.
திரையில் அவள் வாய் திறக்கும்,
நான் சரியாக அதற்குள் விழ வேண்டும்.
தவறினால் லூப் மறுபடி ஓடும்.
அவள் ஓடினாள் என்றால்
நின்ற இடத்தில் எனக்கு மூச்சிரைக்கும்.
அவள் பிள்ளை பெறக் கத்திய அன்று
எனக்கு மூன்று மாதம். யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் வேறு ஆளைப் போடுவார்கள்.
அழுகைக்குத் தனியாக ஐம்பது ரூபாய் என்ற மேனேஜர்
இன்னும் தரவில்லை.
டைட்டிலில் என் பெயர் வந்திருக்கலாம்;
அப்போது ஜனங்கள் இருட்டில் சீட் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

இப்போது அஜ்மானில் ஒரு கிளினிக், முன்மேசை.
'டோக்கன் நாற்பத்தேழு, அறை மூன்று.'
தமிழர் யாராவது சட்டென்று நிமிர்வார்,
எங்கேயோ கேட்ட குரல் என்று.
பல்வலி அவரைக் குனிய வைத்துவிடும்.

கையெழுத்துக்கு முன் ஒரு பக்கம் வாசித்தாள்.
கரகரப்பு. தூத்துக்குடி உப்பு.
ழகரம் வழுக்கி ளகரத்தில் போய் நிற்கிறது.
'தொண்டை கட்டியிருக்கு போல' என்றார்
எனக்கு முன்னால் நின்றவர், மனைவியிடம்.
எனக்கோ,
இந்தக் குரலுக்கு எதற்கு இன்னொருத்தி என்று தோன்றியது.
என் பிழைப்புக்கு விரோதமான யோசனை.
முப்பது வருடம் தாமதம் வேறு.

என் முறை.
குனிந்தபடியே 'பேரு?' என்றாள்.
'கயல்விழின்னு எழுதுங்க.'
பேனா நின்றது.
'இன்னொரு தடவை சொல்லுங்க.'
சொன்னேன்.
அவள் உதடு அசைந்தது, சத்தமில்லாமல்,
என் சொல்லுக்கு ஒரு நூல் பின்னால்.
பழைய ரெக்கார்டிஸ்ட் இருந்திருந்தால்
ஒன் மோர் கேட்டிருப்பார்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
என் கையை மட்டும் பிடித்திருந்தாள்,
வரிசையை ஒழுங்குபடுத்தும் பையன்
இரண்டாம் முறை இருமும் வரை.

அஜ்மான் பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
'எனக்காக யாரோ பேசினார்கள்.
யாரென்று நான் விசாரிக்கவில்லை.
கர்வம் என்றார்கள். வெட்கம்.'
அவ்வளவுதான். அடுத்த பத்தியில் ஏதோ வெளிப்புறப் படப்பிடிப்பு,
ஒட்டகம் உதைத்த கதை.

முதல் பக்கத்துக்கு வந்தேன்.
'கயல்விளிக்கு' என்று எழுதியிருந்தாள்.
பிழைதான்.
விளி என்றாலும் ஒரு பொருள் உண்டு,
கூப்பிடுவது. திருத்தவில்லை.

மறுநாள் காலை
டோக்கன் பத்தொன்பதை மூன்று மொழியில் அழைத்தேன்.
யாரும் எழவில்லை.
நாலாம் முறை
இன்ஸ்பெக்டர் குரலில் கூப்பிட்டேன்.
பாதிக் கூடம் எழுந்து நின்றது.