ஐந்து வோல்ட்டுக்கு ஒரு வேலை

டாக்ஸி நிலையத்தை மூடிய அன்று
ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
சுழல் நாற்காலி ஒர்த்தென்சியாவுக்கு.
காப்பி இயந்திரத்துக்கு இரண்டு பேர் சண்டை.
எனக்கு, பதினோரு வருஷம்
மேசைக்கடியில் என் முழங்காலுக்குச் சூடு தந்த கணினி.
புந்தா அரேனாஸில் அது சின்ன உபகாரமில்லை.

திரை செத்துவிட்டது. வட்டும் போயிற்று.
மிச்சம் பவர் சப்ளை மட்டும்,
செங்கல் போல ஒரு பெட்டி.
காற்றாடி முழுக்க அலுவலகத் தூசி,
அதில் சுற்றிக்கொண்டு ஒரு நரைமுடி.
யாருடையது என்று தேட வேண்டியதில்லை.

என் விமானத்துக்கு வால் கிடையாது, இறக்கை மட்டும்.
அதற்கு மூன்று செல் பேட்டரி.
பேட்டரிக்கு சார்ஜர் இருக்கிறது,
சார்ஜருக்குத் தீனி போடப் பன்னிரண்டு வோல்ட் இல்லை.
போன மாதம்வரை காரிலிருந்து எடுத்தேன்.
காரை விற்றாயிற்று.

மூடியைக் கழற்றுமுன் ஒரு ராத்திரி காத்திருந்தேன்.
பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே
முந்நூறு வோல்ட் உட்கார்ந்திருக்கும்,
வீட்டுக்காரி கொட்டாவி விட்டும்
எழுந்திருக்காத விருந்தாளி மாதிரி.

காலையில் ஒயர்களைப் பிரித்தேன்.
கூட்டத்தை வழிக்குக் கொண்டுவருவது எனக்குப் பழக்கம்தான்.
மஞ்சள் பன்னிரண்டு. சிவப்பு ஐந்து.
ஆரஞ்சு வேண்டாம், நுனியில் டேப் சுற்றி ஓரமாக நில்.
கறுப்பெல்லாம் வீடு திரும்பும் வண்டிகள்.
பச்சை ஒன்றே ஒன்று;
அதைக் கறுப்போடு சேர்த்தால்தான் பெட்டி கண் விழிக்கும்.
சேர்த்தேன்.
காற்றாடி இருமிவிட்டு ஓடியது,
பதினோரு வருஷத் தூசியும் என் ரொட்டி மேல்.

மஞ்சளில் மீட்டரை வைத்தால் பத்து புள்ளி எட்டு.
சார்ஜர் பீப் பீப் என்று முறையிட்டது.
பழுதில்லை, பழைய பெட்டிகளின் குணம் அது.
அதன் கண்ணெல்லாம் ஐந்தின் மேல்.
ஐந்து சும்மா இருந்தால் பன்னிரண்டு துவண்டுவிடும்.
ஐந்துக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும்.
உபயோகமான வேலை என்றில்லை.

ஸ்குரூ டிரைவரைக் கொஞ்ச நேரம் கீழே வைத்தேன்.
எனக்கு வேலை போய் ஏழு வாரம்.

கடைக்குப் போய் மின்தடை வாங்கலாம்.
வெளியே மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் காற்று,
தெருமுனையில் பிடித்து நடக்கக் கயிறு கட்டியாயிற்று.
அறுபது பைசா பெறாத சாமானுக்குக்
கயிற்றில் தொங்க நான் தயாரில்லை.
டிராயரில் கிடந்தது ஒரு பிரேக் பல்பு,
பதினேழாம் வண்டியுடையது,
எவாரிஸ்தோ கொடுத்துவிட்டு மறந்தது.
சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே பற்றவைத்தேன்.
பன்னிரண்டுக்குப் பிறந்த பல்பு
ஐந்தில் அரைத் தூக்கமாய் எரிந்தது.
மஞ்சள் ஏறியது, பதினொன்று புள்ளி ஒன்பது.
சார்ஜர் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தது.

பேட்டரியைக் களிமண் சட்டியில் வைத்தேன்,
தீப்பிடித்தால் சட்டியோடு போகட்டும் என்று.

இருட்டியதும் கதவைத் தட்டினான் எவாரிஸ்தோ.
"யாஸ்னா, உன் ஜன்னலில் யாரோ
ஒரு மணி நேரமாகப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்."
உள்ளே வந்து குனிந்து பார்த்தான்.
"இது என்னுடையதாயிற்றே."
"பதினேழு, எங்கே இருக்கிறாய்?"
பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.
"உன் சமையலறையில்" என்றான். "காலியாக."

பதினோரு மணிக்குப் பேட்டரி நிரம்பியது.
காற்று வியாழன்வரை நிற்காதாம்.
நிரம்பியபடி கிடந்தால் இந்த ஜாதி பேட்டரி ஊதிவிடும்,
நாளைக்குப் பாதியை இறக்கியாக வேண்டும்.
அதற்கும் ஒரு பல்பு தேடணும் என்றேன்.
இடது பக்கத்தது இருக்கிறது என்றான்.