காலேஜ் வண்டி

விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம்:
‘படிப்பை இடையில் நிறுத்தியதன் காரணம்.’
அரை வரிதான் இடம்.
வறுமை என்று எழுதலாம், எல்லாரும் எழுதுவது.
கல்யாணம் என்றும் எழுதலாம், ஆனால் அது பிறகு வந்தது.
நான் ‘பஸ்’ என்று எழுதினேன்.

ஜெரினா மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
ஒன்பதாவது படிக்கையில்
ஏழு நாற்பது வண்டியை நிறுத்திவிட்டார்கள்,
எங்க ஊரிலிருந்து பள்ளிக்கூடம்
ஒன்பது கிலோமீட்டர் என்றேன்.
“அப்ப பஸ்தான்” என்று
முத்திரை குத்தினார்.

உசிலம்பட்டி, தேனி ரோட்டில்
முன்பு ஜின்னிங் மில்லாக இருந்த கட்டடம்.
கூரைச் சட்டத்தில் இன்னும் பஞ்சு ஒட்டியிருக்கிறது.
மின்விசிறி போட்டால் ஒரு பிசிறு இறங்கிவந்து
நோட்டில் உட்காரும்.
சமுதாயக் கல்லூரி என்று வாசலில் தகரப் பலகை.
இதெல்லாம் ஒரு காலேஜா என்றான் கொழுந்தன்.
எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது,
முதல் நாள் கம்ப்ரசரை அறுத்துத் திறந்து காட்டும்வரை.

குளிர்சாதனம் பழுதுபார்த்தல்.
ஒரு வருடம், மாலை ஆறிலிருந்து ஒன்பது.
பதினெட்டுப் பேரில் பெண்கள் இரண்டு.
செம்புக் குழாயை நெருப்புக் காட்டிப் பற்றவைக்கும்போது
மற்றவள், பாண்டிமீனா, சொல்வாள்:
இத்தனை வருசம் அடுப்புக்கிட்ட நின்னதுக்கு
இப்பத்தான்டி கூலி பேசப் போறோம்.

குளிர் என்று தனியாக ஒன்று கிடையாது,
சூட்டை இங்கிருந்து எடுத்து
அங்கே கொண்டுபோய் விடுகிறோம், அவ்வளவுதான்
என்றார் செல்வின் சார்.
அதை நான் எழுதிவைக்கவில்லை.
வீடுவரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

நடந்தேன் என்பது நிஜமாகவே நடந்தது.
கடைசி வண்டி எட்டு ஐம்பதுக்கே போய்விடும்.
விலக்குவரை யாராவது பைக்கில் இறக்கிவிடுவார்கள்,
மீதி மூன்று கிலோமீட்டருக்கு
செல்போன் வெளிச்சமும் நாய்களும்.

புதன்கிழமை தமிழ் வகுப்பு.
மனு எழுதுவது எப்படி என்று ஒரு பாடம்.
அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா.
மொக்கராசு தெருவிளக்கு கேட்டான்.
சிக்கந்தர் அவன் அத்தாவின் பென்ஷனைக் கேட்டான்.
நான் வேறென்ன கேட்பேன்.
பத்துக்கு ஏழு போட்டார் மேடம்.
‘தாழ்மையுடன்’ மூன்று இடத்தில் வந்துவிட்டதாம்,
ஒன்று போதுமாம்.

அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்து
பதினெட்டுக் கையெழுத்தும் வாங்கி
தபாலில் சேர்த்தது யாரென்று
இன்றுவரை ஒத்துக்கொள்ள ஆளில்லை.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை.
நான்காவது மாதம் பணிமனையிலிருந்து ஒருவர் வந்து
வகுப்பு வகுப்பாகத் தலைகளை எண்ணினார்.
அன்றைக்கென்று தையல், கணினி,
ஒருவரும் லீவு போடவில்லை.
எங்கள் கடைசி பெஞ்சில்
டீக்கடைக்காரர் உட்கார்ந்திருந்ததாக ஞாபகம்.

இப்போது கடைசி வண்டி ஒன்பது இருபது.
கேட்டது நாங்கள்தான்,
ஏறுகிறவர்களில் எங்களைவிட மற்றவர்கள் அதிகம்.
பெரியாஸ்பத்திரியில் சோறு கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்,
புரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவர்,
விற்காத பூண்டு மூட்டையோடு ஒருவர்.
காலேஜ் வண்டி என்கிறார்கள்.
காலேஜ் எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது.

பூண்டுக்காரர் ஒருநாள் கேட்டார்,
என்ன படிக்கிற தாயி?
ஃப்ரிட்ஜ் என்றேன்.
அதுல படிக்க என்ன இருக்கு என்றார்.
எங்கள் ஊரில் மூன்று ஃப்ரிட்ஜ் இப்போது என் கையால் ஓடுகிறது.
நாலாவது ஓடவில்லை,
அதை அவரிடம் சொல்லவில்லை.

நேற்று பட்டறையைப் பூட்டப் போன பாண்டிமீனாவைக் காணோம்.
டிரைவர் இன்ஜினை அணைத்தார்.
“இன்னும் ஒரு ஆள் வரணும்ல.”
நாங்கள் யாரும் கேட்கவில்லை.
பூண்டுக்காரர் மட்டும் மணி என்ன என்றார்.
ஒன்பது இருபத்துமூன்று.
மில் வாசலில் ஒரு விளக்கு அணைந்தது.
கொஞ்ச நேரம் கழித்து
இன்னொன்று.