ஓராள் கொள்ளும் அளவு

நீளம்: நான் கை விரித்தால் மூன்று தரம்.
அகலம்: இடுப்பும், இரு பக்கமும் ஒவ்வொரு முஷ்டியும்.
ஆழம்: ஒரு முஷ்டி, பெருவிரல் நிமிர்த்தி.
பனிக்கடல்காரர் டேப் வைத்திருக்கவில்லை.
எந்தத் தையல்காரியும் என்னை
இவ்வளவு சரியாக அளந்ததில்லை.

ஆமர் வீதியில் ஹில்மி நானா கேட்டார்:
"கதவா, கட்டிலா?"
"வள்ளம்."
பலகையைத் தட்டிய கை அப்படியே நின்றது.
பிறகு முடிச்சில்லாததாய்த் தேடி எடுத்துத் தந்தார்.
காசில் ஒன்றும் குறைக்கவில்லை.

வெள்ளவத்தை. ஐந்து மாடிக்கு மேல் மொட்டைமாடி.
தண்ணீர்த் தாங்கிக்கும் டிஷ் அன்டெனாவுக்கும் நடுவில்
பதினாறடி இடம்.

விலா எலும்புகளை அவித்தேன்.
பைப்பின் ஒரு முனையில் பழந்துணி,
மறு முனை புட்டுப் பானையின் வாயில்.
வெளியே எடுத்தால் பத்து விநாடி;
வளைய மரத்துக்கு மனமிருப்பது அவ்வளவுதான்.
முதல் ஏழும் முறிந்தன.
எட்டாவது வளைந்தது.
நான் புதிதாக எதுவும் செய்யவில்லை.

ஆணி இல்லை, மெழுகு நூல்கட்டு மட்டும்.
விரலில் பிளாஸ்டரைப் பார்த்து
"சமையலா?" என்றார்கள் கந்தோரில்.
ஓம் என்றேன்.
புட்டுப் பானை இருந்ததே, முழுப் பொய்யுமில்லை.

ஒரு பின்னேரம் பொலிஸ்.
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
எலும்புக்கூட்டை இரண்டு தரம் சுற்றி வந்தார் சார்ஜன்ட்.
"ஒஸ்ட்ரேலியாவுக்கா?"
அவர் சிரிக்கவில்லை. நானும்.
அடையாள அட்டையில் ஒரு பெயரை வாசிக்க
எவ்வளவு நேரம் எடுப்பார்கள் என்பது
பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்குத் தெரியும்.
"இருந்து பாருங்கள்," என்றேன்.
சப்பாத்தைக் கழற்றினார்.
முழங்கால் போனது, இடுப்பு போகவில்லை.
படியிறங்கும்போது திரும்பி, மெதுவாக,
மரத்துக்கு எவ்வளவு முடிந்ததென்று கேட்டார்.

அவர் போனபின்
இரண்டாம் மாடி நிதர்சன் வந்து கதவடியில் நின்றான்.
"அக்கா, இதில எத்தினை பேர்..."
"ஓராள்."
"ஓராளெண்டாலும்..."
"வாய்க்கால் தாண்டாது, தம்பி."
தலையாட்டினான். போகவில்லை.
நூலின் மறு முனையை அவனிடம் கொடுத்தேன்.
இழுத்துப் பிடித்தான்,
எனக்கு ஒருநாளும் வராத இறுக்கத்தில்.
நைலோன் தோலின் நடுத் தையல்
அன்றிரவே முடிந்தது.

லிஃப்டுக்குள் போகாது. படி வளைவில் திரும்பாது.
அதை அளக்க மறந்துவிட்டேன்;
என் உடம்பில் படிக்கட்டுக்கு அளவில்லை.
ஞாயிறு விடிய, கயிறு கட்டி
பல்கனி பல்கனியாக இறக்கினோம்.
ஒவ்வொரு மாடியிலும் ஒரு கை நீண்டு
சுவரில் உரசாமல் தள்ளிவிட்டது:
வளையல் போட்ட கை,
பற்பசை வழியும் பிரஷ் பிடித்த கை,
மருதாணி பாதி அழிந்த கை.
பொலிஸுக்குச் சொன்ன வாய்க்குரிய கையும்
அதற்குள் இருந்திருக்கும்.

வாய்க்கால். கறுப்புத் தண்ணீர்.
கரையில் ஒரு கபரகொய்யா அசையாமல் பார்த்தது.
கால் நீட்டி இருந்தேன்.
இரு பக்கமும் ஒவ்வொரு முஷ்டி, சொன்னபடியே.
இடப்பக்கத் தையலால் ஒரு துளி உள்ளே வந்தது,
பிறகு இன்னொன்று.
அதில் விரலை அழுத்திக்கொண்டு
மற்றக் கையால் துடுப்பை வாங்கினேன்.
காலி வீதிப் பாலத்தில் முதல் பஸ் ஹோர்ன் அடித்தது.

நிதர்சன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.
"விடு," என்றேன்.

இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது.