பயனாளி 'க'

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்ததில்
எல்லோருக்கும் தாமதம்.
ரேஷன் கடை மாடியில் மின்விசிறிக்கு அடியில்
பறக்காமலிருக்க
செருப்பைத் தவிர எல்லாம் வைத்து அழுத்திய
ஐந்து கோப்புகள்.
ஐந்திலும் ஒரே பையன்.

டாக்டர் ஹுமேராவிடம் அவன் ஓர் இளைப்பு,
மாதம் ஆறேழு தடவை நெபுலைசர்.
பரிபூரணம் டீச்சரிடம் சிவப்பு மையில் 'ஆ'.
ஆலோசகர் ஜெபக்கனி
'இருட்டுப் பயமாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தார்.
குழந்தைகள் நல அலுவலர்
'கவனிப்பாரற்ற நிலை', பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.
என்னிடம் பன்னிரண்டு பக்கப் பேட்டி.
அதில் அவன் அதிகம் சொன்ன சொல்
'ஒண்ணுமில்ல'.

ஒரு மணி நேரம் சண்டை போட்டோம்.
கோப்பைக் காட்ட முடியாது, ரகசியக் காப்பு என்றார் ஒருவர்.
எங்கள் துறையில் இதை, என்று தொடங்கினார் இன்னொருவர்,
முடிக்கவில்லை.

செவிலியர் தேசம்மாள் அதுவரை பேசவில்லை.
சுவரிலிருந்து அடகுக் கடைக் காலண்டரைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டார்.
"நோவு இன்னான்னு சொல்லவேணாம்.
தேதிய மட்டும் சொல்லுங்க."

சொன்னோம்.
ஒரே கட்டங்களின் மேல்
பேனா திரும்பத் திரும்பச் சுழித்ததில்
காகிதம் கிழிந்தது.

"எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வர்றதுக்கு மறுநாளுங்க இதெல்லாம்."

ராத்திரி இரண்டு மணி. எட்டுக் குடம்.
அம்மா காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போயிருப்பாள்.
லாரிப் புகைக்குப் பின்னால் வரிசையில்
பதினோரு வயது.

முதல் தடவையாக ஒரே தாளில்
ஆறு பேர் கையெழுத்துப் போட்டோம், குடிநீர் வாரியத்துக்கு.
மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகு
லாரி சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது.
இளைப்பு குறைந்தது. நிற்கவில்லை.
எண்ணூர்க் காற்றுக்கு யாருக்கு எழுதுவது?

ஆய்வறிக்கையில் 'தலையீடு' என்ற இடத்தில்
'காலண்டர்' என்று எழுதினேன்.
வழிகாட்டி அடித்துவிட்டு, ஓரத்தில்:
கோட்பாடு எங்கே?
தேசம்மாளை நன்றியுரையிலிருந்து தூக்கி
ஆசிரியர் வரிசையில் வைத்தேன்.
அங்கேயும் ஒரு சிவப்புக் கோடு.
மறுபடி வைத்தேன்.

படித்துக் காட்டப் போனபோது
அவன் பம்பு மேடையில் குந்தியிருந்தான்.
"எனுக்கு இன்னா பேரு வெச்ச மேடம்?"
'க' என்றேன்.
"அவ்ளோதானா?"
நீயே ஒன்று சொல், எந்தப் பெயரானாலும் சரி.

நெடுநேரம் யோசித்து
தன் சொந்தப் பெயரையே சொன்னான்.

அது ஒன்றைத்தான்
நான் எழுதக் கூடாது.