நெருங்கிய வட்டாரம்

ஜெர்வின் கிளப் மாறுகிறான் என்று
முதலில் எழுதியவன் நான்தான்.
"தெரிகிறது" என்று முடித்திருந்தேன்.
யாருக்குத் தெரிகிறது என்று
எடிட்டர்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் சென்னைப் பேப்பரில் அது
"கூறப்படுகிறது."
சாயங்கால டிவியில் நாற்பது லட்சம்.
கொச்சியா கோவாவா என்று
அஸ்தம்பட்டி டீக்கடையில் இரண்டு பேர்
சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான்:
ஞாயிறு ராத்திரி, சேலம் ஜங்ஷன்.
தோளில் பை, கையில் தட்டுவடை செட்,
லேசாக நொண்டினான்.
ஏற்காட்டுக்கு ஒருநாளும் போகாத
ஏற்காடு எக்ஸ்பிரஸ்
வந்தது, நின்றது, கிளம்பியது.
அவன் ஏறினானா என்று பார்க்கவில்லை.
எனக்குக் கடைசி பஸ்.

ஏறவில்லையாம்.
கோல்கீப்பர் முபீனை அனுப்பிவைக்க வந்தானாம்.
பை முபீனுடையது.
தட்டுவடையும் அவனுக்குத்தான்.
நிஜமாகவே எடுத்துக்கொண்டது
முபீனைத்தான்;
அதை ஒருவரும் எழுதவில்லை,
நானும்.

நேற்று போன் வந்தது.
நாகலூரில் அவன் வீட்டுக்குள் டவர் கிடையாது.
வீங்கின கணுக்காலோடு
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியிருக்கிறான்,
பத்தொன்பது வயது.
காற்று பாதி, அவன் பாதி.

திட்டப்போகிறான் என்று
பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தேன்.

"அண்ணே... உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமாமே.
என்னை நெஜமாவே யாராச்சும் கேட்டாங்களா?"

இருபது கொண்டை ஊசி வளைவையும்
ஒரே மூச்சில் இறங்கின மாதிரி
காது அடைத்தது எனக்கு.

"பேசிக்கிறாங்க தம்பி" என்றேன்.

பொய் இல்லை அது.
பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.